ஒருமீட்டர்காரர் கட்டிய ஷெட்

எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேளுங்கள், தங்கள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள். பெற்ற பிள்ளையின் பிறந்த தேதியில் தடுமாறுகிறவர்கள்கூட இதில் தடுமாற மாட்டார்கள். எல்லாம் என் பக்கத்து வீட்டுக்காரர் செய்து வைத்த வேலை. முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தவர். யார் வீட்டுக்குப் பின்னால் நாலு தகரம் நிமிர்ந்து நின்றாலும் மறுநாள் காலையில் டேப்போடு வந்து நிற்பார். ஷெட்டோ, கார் ஷெட்டோ, எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு மீட்டரைச் சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது. ஒருமீட்டர்காரர். புதிதாக வந்த தபால்காரர் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆள் ஒல்லி, நெட்டை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தட்டைப் பென்சில். அளக்கப் போன வீட்டில் டீ குடிக்க மாட்டார். தண்ணீர்கூட தன் பாட்டிலில் இருந்துதான். ஒரு வீட்டில் நாய் அவருடைய பேண்டைக் கவ்விக்கொண்டு விடவே இல்லையாம். இவர் அசரவில்லை. ஒரு காலை நாயிடம் கொடுத்துவிட்டு மற்றக் காலால் நகர்ந்து நகர்ந்து நாலு பக்கமும் அளந்து முடித்து, "நாய்க்கூண்டு: அனுமதி தேவையில்லை" என்று எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தார். பேண்டைத் தைத்தவள் அவர் பெண்டாட்டி. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவரைக் கடுகடுப்பான மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முட்டி பிடித்துக்கொண்டபோது மூன்று வாரம் மருந்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். மருந்தை எத்தனை மணிக்கு எத்தனை என்று எனக்குப் படிக்கத் தெரியாதே என்று, அட்டையில் சூரியன் படமும் சட்டிப் படமும் போட்டுக் கொடுத்தார். சூரியன் என்றால் காலை, சட்டி என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்தச் சட்டியையும் ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தார்.

இன்னொரு குணம் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. ஆபீஸ் டேப்பை அவர் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. "அது நகராட்சியோட டேப்பு" என்பார். ஜன்னலுக்குத் திரை தைக்க அளவு எடுத்துக் கொடுங்கள் என்று பெண்டாட்டி கேட்டதற்கு, செய்தித்தாளை மடித்து மடித்து அளந்து கொடுத்தார். அந்தத் திரை இன்றைக்கும் ஜன்னலுக்கு ஒரு சாண் குட்டையாகத்தான் தொங்குகிறது. ஊரில் எல்லார் வீட்டையும் அளந்த மனுஷன், தன் வீட்டை மட்டும் முப்பத்தோரு வருஷம் அளக்கவே இல்லை.

அவர் பெண்டாட்டி சீட் தைப்பவள். பைக் சீட், கார் சீட், ஆட்டோ சீட், எது கிழிந்தாலும் அவளிடம்தான் வரும். எனக்கு அவள் தங்கச்சி மாதிரி, அப்படியே கூப்பிடுகிறேன். அவளுடைய மெஷின் ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். அதை வைக்க வேறு இடமில்லாமல் கூடத்தின் நட்டநடுவில் போட்டிருந்தாள். அந்த வீட்டுக்குப் போனால் நாற்காலி கிடையாது. யாராவது ஒருவருடைய கார் சீட்டில்தான் உட்கார வேண்டும். சோற்றில் ரெக்சின் வாசனை, தலைமுடியில் ஃபோம் தூள். கல்யாணமான புதிதிலேயே அவர், "பின்னாடி உனக்கு ஒரு ஷெட்டு கட்டித் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். எப்போது என்று கேட்டால், ரிட்டயர் ஆகட்டும் என்றாராம்.

நான் ஒருமுறை சண்டைக்கே போனேன். "ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் அனுமதி குடுக்கிறவரு, உங்க வீட்டுக்குக் குடுத்துக்க மாட்டீங்களா?"

"அதான் அக்கா முடியாது. நானே விண்ணப்பிச்சு, நானே வந்து அளந்து, நானே கையெழுத்துப் போட்டுக்கவா? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை."

"நான் சொல்லுவேன் இல்ல?"

அப்படியே முப்பத்தோரு வருஷம் போனது.

ரிட்டயர் ஆன மறுநாள் கடைக்குப் போய் சொந்தமாக ஒரு டேப் வாங்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் நிறம். அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு குழந்தை மாதிரி வாசலில் நின்றார். அன்றைக்கே கோடு போட ஆரம்பித்துவிட்டார். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மரச்சட்டம், தகரக் கூரை, ஒரு ஜன்னல், மெஷினுக்குக் கரண்ட்.

என்னை உட்கார வைத்து விதியைச் சொன்னார். பத்துச் சதுர மீட்டருக்குள் இருந்து, கரண்ட் இழுக்காமல், சும்மா மண்வெட்டியும் சாக்கும் போட்டு வைக்கிற ஷெட் என்றால் அனுமதியே வேண்டாம். அதற்கு மேல் போனாலோ, கரண்ட் வந்தாலோ, உள்ளே தொழில் நடந்தாலோ அனுமதி வேண்டும். இதில் மூன்றுமே உண்டு.

"சின்னதா கட்டிட்டு அப்புறமா ஒயரை இழுத்துக்கோங்க தம்பி. ஊரே அப்படித்தான் பண்ணுது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ நான் கொலைக்கு நாள் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

விண்ணப்பத்தோடு போய், தான் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார். உள்ளே அவர் நாற்காலியில் புதிதாக வந்திருந்த அதிகாரி ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. இவர் யார் என்று அவளுக்குத் தெரியாது, இவரும் சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்தவள், வடக்குத் திசைக்கு அம்புக்குறி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மனுஷன் வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் பல்.

"பிரமாதமான பொண்ணு அக்கா! என்னையே திருப்பி அனுப்பிட்டா!"

"அதுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்றாள் தங்கச்சி. "நான் முப்பது வருஷமா உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தா இன்னும் சந்தோஷமா இருந்திருப்பீங்க போல."

மறுநாள் அம்பு போட்டுக் கொடுத்தார், அனுமதி வந்தது. கட்டி முடித்ததும் அதிகாரி நேரில் வந்து அளந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் கரண்ட் கொடுப்பார்கள், உள்ளே தொழில் செய்யலாம். அதற்கு வெள்ளிக்கிழமை என்று நாள் கொடுத்திருந்தார்கள்.

தங்கச்சிக்கும் அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு பள்ளிக்கூட வேன், இருபத்துநாலு சீட், எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகத் தைக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்காரர்கள், வேலை செய்யத் தனி இடம் இருக்கிறதா, அதற்கு நகராட்சி ஒப்புதல் உண்டா என்று கேட்டார்கள். "இருக்கு, திங்கட்கிழமை மதியம் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை இல்லை என்றால் வேறு ஆளிடம் போய்விடும்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். மறைக்கிற வயது தாண்டிவிட்டது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேய்க்காற்று அடித்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலி படுத்துவிட்டது. ஒருமீட்டர்காரர் ஊரில் இல்லை. பத்து நாள் ஆபீஸ் பயிற்சிக்குப் போயிருந்தார். என்ன பயிற்சி தெரியுமா? நிலத்தின் எல்லையைத் துல்லியமாக அளப்பது எப்படி என்று. இங்கே நானும் தங்கச்சியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியை நிறுத்தினோம். அவள் துணி காயப்போடுகிற கம்பம் சரியாக எல்லையிலேயே நின்றது. அடியில் சிமென்ட் போட்டது, அசையாது. வேலியைப் பழைய இடத்தில் நட்டால் கம்பம் குறுக்கே வருகிறது. "இந்தப் பக்கம் தள்ளி நடு" என்றேன். என் பக்கம்தான். ஒரு முழம் போனது. அந்த இடத்தில் நெருஞ்சி முள்ளைத் தவிர எனக்கு ஒன்றும் விளைந்ததில்லை. எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். மூலையில் எல்லைக் கல் ஒன்று இருந்தது. மழைத்தண்ணீர் பிடிக்கிற பீப்பாய்க்கு நல்ல பீடமாக இருக்கிறதே என்று அதன்மேல் பீப்பாயை ஏற்றி வைத்தாள்.

என் பேத்தி இதை எழுதும்போது, முழம் என்று போட வேண்டாம், நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று போடலாம் என்கிறாள். போடக் கூடாது. நான் கையை நீட்டி அளந்து கொடுத்தது முழம்.

அவர் பயிற்சி முடிந்து வந்து பார்த்தார். "வேலி போட்டாச்சா? நல்லது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவ்வளவுதான். நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் நாலு நகல், கையெழுத்து, சாட்சி என்று ஆரம்பிப்பார்.

இப்போது அவர் ஷெட்டுக்குக் கயிறு கட்டுகிறபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வேலியிலிருந்து டேப்பை இழுத்து ஒரு மீட்டரில் முளை அடிக்கிறார். தங்கச்சியைச் சாடை காட்டிக் கூப்பிட்டேன்.

"ஏண்டி, வேலியில இருந்து அளக்கிறாரே."

"பார்த்தேன்."

"சொல்லிடலாமா?"

"அக்கா, வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான். முளையெல்லாம் பிடுங்கிட்டுப் புதுசா வரைபடம் போட்டு, மறுபடி வரிசையில போய் நிப்பாரு. வேன் சீட்டு வந்து தெருவுல நிக்கும்."

"உண்மைதான்" என்றேன். என் நிலம், நான் கொடுத்தேன், வாங்கியவள் ஒப்புக்கொண்டாள். நடுவே நகராட்சிக்கு என்ன வேலை? இப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஷெட் எழும்பியது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆறு சிமென்ட் கட்டையின்மேல் இரண்டு நீள மர உத்தரம், அதன்மேல் பலகைத் தரை, சுற்றிலும் சட்டம், தகரம். ஒரு ஆணி கோணலாக இல்லை. உள்ளே மெஷின் வைக்கிற இடத்தில் தரையில் பென்சிலால் மெஷினின் நாலு காலுக்கும் நாலு வட்டம் போட்டு வைத்திருந்தார். தங்கச்சி அந்த வட்டத்தின் நடுவே போய் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அவள் அழுததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் வந்தாள். கையில் டேப் இல்லை. தீப்பெட்டி அளவு ஒரு கருவி. அழுத்தினால் சிவப்புப் புள்ளி போய்ச் சுவரில் உட்காருகிறது, அளவு தானாக வருகிறது. ஒருமீட்டர்காரர் அந்தக் கருவியைப் பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த நேரம் பார்த்து டயர்க்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். எங்கள் தெருக்கோடியில் கடை. இரவல் வாங்கின ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றார். ஏணி வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. வேடிக்கை பார்க்கத்தான் வந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். காரணமும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தன் வேனுக்குக் கார் ஷெட் கட்டினார். எல்லைக்கு மிக நெருக்கம். ஒருமீட்டர்காரர் போய் ஒரு பக்கத்தை இடிக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வேனின் வால் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். மழை பெய்கிற நாளெல்லாம் இந்த வீட்டைத் தாண்டும்போது ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் போவார்.

அந்தப் பெண் உயரம் பார்த்தாள், சரி. வீட்டிலிருந்து தூரம், சரி. சாக்கடை மூடி திறக்க இடம், சரி. வேலியிலிருந்து, சரியாக ஒரு மீட்டர். தங்கச்சி என் கையைப் பிடித்து நசுக்கியே விட்டாள்.

அப்போது அந்தப் பெண் கேட்டாள். "எல்லைக் கல் எங்கே சார்?"

ஒருமீட்டர்காரர் சிரித்தார். "ரொம்ப சரியா கேட்டம்மா. வேலி எல்லை இல்ல. கல்லுதான் எல்லை. நான் எல்லாருக்கும்..."

அவ்வளவுதான், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பி வேலியைப் பார்த்தார். தன் மஞ்சள் டேப்பைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், நிறுத்திட்டீங்களே" என்றார் டயர்க்கடைக்காரர். "வேலி எல்லை இல்ல. எனக்கு மனப்பாடம். தாளம் போட்டே சொல்லுவேன்."

அந்தப் பெண் சிவப்புப் புள்ளியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்பினாள். பத்திரத்தில் பன்னிரண்டு மீட்டர், இங்கே அதைவிடக் கூடுதல். இவர் நம்பாமல் டேப்பால் அளந்தார். மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் கூடுதல்.

"இடம் எப்படி வளரும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மனுஷத்தனம் இல்லை. "வளரல தம்பி. நான் குடுத்தேன். அந்தப் பீப்பாயை நகர்த்திப் பாருங்க" என்றேன்.

நகர்த்தினார்கள். கீழே கல் பத்திரமாக இருந்தது. பாசி பிடித்து, ஒரு நத்தை வேறு. அளந்து பார்த்தால் கல்லுக்கும் ஷெட்டுக்கும் நடுவே அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் இருக்கிறது.

தங்கச்சி ஷெட்டின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் நல்ல மாதிரி. புத்தகத்தைப் புரட்டி, "பக்கத்து வீட்டுக்காரங்க எழுத்துல சம்மதம் குடுத்தா அரை மீட்டர் போதும்னு விதி இருக்கு சார்" என்றாள். "பாட்டி, நீங்க சம்மதிக்கிறீங்களா?"

"கட்டை விரலைப் பிடிம்மா. எங்க வேணும்னாலும் நாட்டுறேன்."

"வேண்டாம்" என்றார் ஒருமீட்டர்காரர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் வேண்டாம்? என் விரல், என் நிலம்!"

"கட்டறதுக்கு முன்னாடி வாங்கணும் அக்கா, அதுதான் விதி. கட்டினதுக்கு அப்புறம் வாங்கினா அதுக்குப் பேரு சம்மதம் இல்ல, மன்னிப்பு."

"அப்படி ஒண்ணும் யாரும் பார்க்கிறது இல்ல சார்" என்றாள் அந்தப் பெண்.

அவர் டயர்க்கடைக்காரரைக் கை காட்டினார். "இவரு பார்ப்பாரும்மா. இவரோட பக்கத்து வீட்டுக்காரரும் அன்னிக்குக் கையெழுத்துப் போடறேன்னு பேனாவோட வந்து நின்னாரு. நான் வாங்கல. ஷெட்டை வெட்டச் சொன்னேன். இப்ப எனக்கு மட்டும் எப்படி வாங்கறது?"

டயர்க்கடைக்காரர் எட்டு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த கிண்டலெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஏணியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

தங்கச்சி எழுந்தாள். "முப்பத்தோரு வருஷம் கேட்காம இருந்தேன். இப்பவும் கேட்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தக் கூடத்துல இருபத்துநாலு சீட்டு நுழையாது. திங்கட்கிழமை அவங்க வந்தா நீங்களே வாசல்ல நின்னு விதியைப் படிச்சுக் காட்டுங்க." உள்ளே போய்விட்டாள். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி, திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருமீட்டர்காரர் ஷெட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பேர் தங்கள் ஷெட்டைச் சுற்றி அப்படி நடந்திருப்பார்கள். இவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டார்.

டயர்க்கடைக்காரர் போகவில்லை. ஏணியைச் சாய்த்துவிட்டு மண்டியிட்டு ஷெட்டின் அடியில் தலையை விட்டார்.

"சார், கான்கிரீட் போடலையா?"

"கட்டை மேல உத்தரம் மட்டும்தான். தரைக்குக் கான்கிரீட்னா அதுக்குத் தனி விண்ணப்பம்."

"நல்லவேளை, உங்க விதி ஒரு இடத்துலயாவது உருப்படியா இருக்கு." தலையை வெளியே எடுத்தார். "லாரியையே தூக்கற ஜாக்கி நாலு இருக்கு என்கிட்ட. ரெண்டு இரும்புக் குழாய உத்தரத்துக்கு அடியில குடுத்தா உருட்டிடலாம். ஒரு முழம்தானே பெரியம்மா?"

"ஒரு முழம்தான்" என்றேன்.

"நீங்க எதுக்கு இத பண்றீங்க?" என்று கேட்டார் ஒருமீட்டர்காரர். அவருக்குக் கேட்காமல் இருக்கத் தெரியாது.

"உங்களுக்காக இல்ல சார், பயப்படாதீங்க. என் வேன்ல டிரைவர் சீட்டு கிழிஞ்சு ஆறு மாசமாச்சு, கம்பி குத்துது. உங்க வீட்டு அக்காவுக்கு இடம் இருந்தாத்தானே தைப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அதோட, நீங்க உங்க ஷெட்டத் தள்ளறத நான் கண்ணால பார்க்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் தெருவே வந்திருந்தது. கடை ஆட்கள் இரண்டு பேர் ஜாக்கியோடு வந்தார்கள். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு. அதில் பாதிப் பேர் இவரிடம் எப்போதாவது நோட்டீஸ் வாங்கியவர்கள். "எனக்கு முக்கால் மீட்டர்", "எனக்குக் கூரை ஒரு சாண் உசரம்" என்று பழைய வழக்கெல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வேலை கொடுத்தார் ஒருமீட்டர்காரர். கல்லின் மேல் டேப்பின் முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். "நகரக் கூடாது அக்கா" என்றார். "இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே நகர்ந்தாச்சு, இனி நகர மாட்டேன்" என்றேன்.

நாலு மூலையிலும் ஜாக்கி ஏறியது. ஷெட் முனகிக்கொண்டு எழுந்தது. குழாயைச் செருகி, கட்டையை உருவி, பத்துப் பேர் ஒரு பக்கம் கை வைத்தார்கள். "தள்ளுங்க!" என்றார் டயர்க்கடைக்காரர். "மெதுவா!" என்றார் ஒருமீட்டர்காரர். "யாரு பேச்ச கேட்கறது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஒரு குழாய் கோணிக்கொண்டு ஷெட் ஒருபக்கமாகச் சாய்ந்தபோது எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. வீட்டுக்குள் இருந்த தங்கச்சி அந்தச் சத்தத்துக்குத்தான் வெளியே வந்தாள். வந்தவள் யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ப் பதினோராவது ஆளாகக் கை வைத்தாள்.

இவர் தரையில் படுத்துக்கொண்டு டேப்பைப் பார்க்கிறார். "இன்னும் ஒரு சாண்... இன்னும் நாலு விரல்... நில்லுங்க, அந்தப் பக்கம் சாக்கடை மூடி!" மூடி திறக்க இடம் விட வேண்டும், அதுவும் விதி. இந்தப் பக்கம் ஒரு மீட்டர் வந்தபோது அந்தப் பக்கம் மூடிக்கு இரண்டு விரல்தான் மிச்சம் இருந்தது. இன்னும் ஒரு சாண் பெரிதாகக் கட்டியிருந்தால் எந்தப் பக்கமும் நிற்காமல் போயிருக்கும். கட்டையை மறுபடி அடியில் கொடுத்து இறக்கினார்கள்.

டயர்க்கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை சார்?" என்று கேட்டார்.

"ஒரு மீட்டர்" என்றார் இவர். படுத்தபடியேதான் சொன்னார். அவ்வளவு பேரும் சிரித்த சிரிப்பில் என் கட்டைவிரல் டேப்பை விட்டுவிட்டது, அது சர்ரென்று போய் அவர் நெற்றியில் அடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். கல்லிலிருந்து புள்ளியை அனுப்பினாள். சரி என்று எழுதினாள். "முதல் தடவை தவறுன்னு போட்டியாம்மா?" என்று இவர் கேட்டார். அதெல்லாம் வேண்டாம் சார் என்றாள். போட்டே ஆக வேண்டும் என்று நின்று, போட வைத்து, படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அப்போதுதான் அவள் பழைய ஃபைல்களில் இருக்கிற கையெழுத்தை நினைத்துக்கொண்டு, "சார், நீங்க... அந்த சாரா?" என்று கேட்டாள். "நான் விண்ணப்பதாரர்" என்றார் இவர்.

மதியம் இருபத்துநாலு சீட்டும் வந்து இறங்கியது. மெஷினை ஆறு பேர் தூக்கிக்கொண்டு போய் அந்த நாலு வட்டத்தில் வைத்தார்கள். விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றக் கூடாது என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறுநாளே ஒருமீட்டர்காரர் கடப்பாரையோடு வேலிக்கு வந்து நின்றார். என் ஒரு முழத்தை எனக்குத் திருப்பித் தர வேண்டுமாம்.

"குடுத்தது குடுத்ததுதான். வேலியில கை வச்சா நான் இங்கயே உட்கார்ந்துடுவேன்" என்றேன்.

"உங்க இடம் என் பக்கத்துல இருக்கக் கூடாது அக்கா. எனக்குத் தூக்கம் வராது."

"எனக்கு நல்லா வருது."

மூன்று நாள் இழுபறி. கடைசியில் வேலியை விட்டுவிட்டார். அதற்குப் பதில் கல்லிலிருந்து முன்பக்கம் வரைக்கும் உண்மையான எல்லையில் ஒரு வெள்ளைக் கயிறு கட்டிவிட்டார். கயிற்றுக்கும் வேலிக்கும் நடுவே இருக்கிற என் ஒரு முழத்தில் அவர் கால் வைப்பதே இல்லை. துணிக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் விழுந்த துணியை எடுக்க வேண்டுமானால் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று கையை நீட்டுகிறார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தங்கச்சி ஒரு காரியம் செய்தாள். பள்ளிக்கூட வேனில் தேவையில்லை என்று ஒரு ஒற்றைச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் புது ரெக்சின் போட்டு, என் ஒரு முழத்தில் கொண்டுவந்து போட்டாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இப்போது சாயங்காலம் ஆனால் வேலியின் இடுக்கு வழியாக நுழைந்து, என் நிலத்தில், என் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். ஷெட் ஜன்னல் எதிரே. அவள் மெஷினை ஓட்டிக்கொண்டே பேசுவாள், நான் கேட்டுக்கொண்டே பேசுவேன்.

முதல் நாள் நான் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் டேப்போடு வந்துவிட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, எட்டி எட்டி, சீட்டின் நீளம், அகலம், உயரம் அளந்தார். நோட்டில் குறித்தார்.

"என்ன தம்பி, இதுக்கும் அனுமதி வேணுமா?"

"கூரை இல்ல, சுவர் இல்ல, கரண்ட் இல்ல. வேண்டாம் அக்கா." பென்சிலைப் பையில் செருகிக்கொண்டார். இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார். "ஆனா வெயிலுக்குக் குடையைக் கம்பி நட்டு நிரந்தரமா கட்டிடாதீங்க. அது கூரைக் கணக்குல வந்துடும்."

குடை வாங்கிவிட்டேன். பெரிய குடை. இன்னும் நடவில்லை.